சீர்த்தட்டைத் திருப்பிப் பார்த்தவனுக்கு

அருண், இதைத் தமிழில் எழுதுகிறேன். படிக்க உனக்கு நேரமாகும் என்று தெரியும். ஆகட்டும். போனைக் காட்டி மொழிபெயர்த்துப் படித்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போய், குளிரில் காருக்குள் உட்கார்ந்து காத்திருந்தவளுக்கு இந்த ஒரு உபகாரத்தையாவது செய். நிச்சயம் நடந்த பேர்லேண்டிலிருந்து நானும் அப்பாவும் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. இந்த ஒரு வாரத்தில் நீ எனக்கு அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒரே கேள்விதான். "நான் சொன்னது சரிதானே அம்மா? அது டூப்புதானே?" ஸ்வேதா எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை. அவள் அம்மா என்னிடம் பேசினாரா என்றும் கேட்கவில்லை. நிச்சயம் முடிந்த பிறகு, கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் பெண் யோசித்துக்கொண்டிருக்கிறாள். நீ ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் அடிப்பாகத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறாய். நேற்று அந்தச் செய்தியை மறுபடி பார்த்தபோது எனக்கு வாயில் உப்புக் கரித்தது. வாந்திக்கு முன்னால் எச்சில் ஊறுமே, அந்த மாதிரி.

கண்ணாடி நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று ஸ்வேதாவிடம் நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாயோ எனக்குத் தெரியாது. நடந்தது இதுதான். உன் அப்பாவின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நான். கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. படித்திருந்தேன், ஆனால் வேலை பார்க்க அனுமதி இல்லை. உன்னை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு தெருத் தெருவாக நடப்பதுதான் அன்றைக்கு என் வேலை. அப்படி ஒரு நாள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில், பழைய பொம்மைகளுக்கும் கம்பளிகளுக்கும் நடுவில் ஒரு கிண்ணம் இருந்தது. சாமந்தி நிறம். ஓரம் சுருக்குப்பையின் வாய் மாதிரி நெளிந்திருந்தது. வெயில் பட்டதும் அதன் மேல் ஊதாவும் பச்சையும் ஓடின, மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் ஓடுமே அதே போல. நூலகத்தில் தேடிப் படித்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டில் அச்சில் அழுத்திச் செய்தது, சூடு ஆறும் முன் உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால் இந்த மினுக்கு வரும், பெயர் கார்னிவல் கிளாஸ் என்று தெரிந்தது. சந்தைகளிலும் பொருட்காட்சிகளிலும் பந்தெறிந்து ஜெயித்தவனுக்குப் பரிசாகக் கொடுத்த மலிவுச் சாமானாம். படித்த படிப்பு வீணாகவில்லை என்று எனக்கு ஒரு சந்தோஷம். அப்போது அது சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. கிரீன் கார்டு வந்து, ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்த பிறகும் சனிக்கிழமைகளை நான் கண்ணாடிக்கே கொடுத்தேன். உன்னையும் சேர்த்துக் கொடுத்தேன்.

இப்படிப் பழம்பொருள் சேர்ப்பது என்றால் என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. அவர்கள் என் அலமாரியில் விளக்குப் போட்டதும் மின்னுவதைப் பார்த்து ஆஹா என்பார்கள். அந்த அலமாரிக்குள் வந்த பொருளில் பாதி செத்தவர்கள் வீட்டிலிருந்து வந்தது. ஒருவர் இறந்ததும் வீட்டைத் திறந்து விட்டு, உள்ளே இருப்பதை எல்லாம் விலை ஒட்டி விற்கும் எஸ்டேட் சேல்களுக்கு விடிந்தும் விடியாமலும் போய் வரிசையில் நிற்போம். கதவைத் திறந்ததும் எல்லோரும் ஓடுவார்கள், நாமும் ஓடுவோம். கட்டிலுக்கு அடியில் இன்னும் செருப்பு கிடக்கும். குளியலறையில் மருந்துப் பாட்டில்கள் இருக்கும், ஈரத் துணியும் தைலமும் கலந்த வாடை அடிக்கும். அதை எல்லாம் தாண்டிச் சமையலறைக்குள் புகுந்து, யாரோ ஒருத்தி பண்டிகைக்கு மட்டும் வெளியே எடுத்த கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்ப்போம். எனக்கு முன்னால் கை வைத்துவிட்ட பெண்மணியின் முதுகை எத்தனை தடவை வெறுப்போடு பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாம் அலைகிறார்கள், நான் ரசிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். என் கையும் அதே வேகத்தில்தான் நீண்டது.

இதில் நமக்கு மட்டும் ஒரு வசதி இருந்தது. ஆசையை வெளியே காட்டினால் விற்பவர் இறங்க மாட்டார், அதனால் நாம் தமிழில் பேசிக்கொண்டோம். "இது நல்ல பீஸுடா, மூஞ்சில காட்டாதே" என்று நான் முணுமுணுப்பேன். நீ முகத்தைப் பால் குடித்த பூனை மாதிரி வைத்துக்கொண்டு வேறு எதையோ பார்ப்பாய். வீட்டில் சாப்பிட வா என்று தமிழில் கூப்பிட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் நீ, கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றதும் சரளமாகத் தமிழ் பேசுவாய். "ஓரத்துல சில்லு போயிருக்கு." "இது ஒட்ட வெச்சது." "வேண்டாம்னு போற மாதிரி போ, கூப்பிடுவாங்க." என் பிள்ளை எவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவருக்கு எதிரே நின்றுகொண்டு அவருக்குத் தெரியாமல் பேசுவதற்கு மட்டும்தான் உனக்கு நான் என் மொழியைக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போது கூசுகிறது.

உனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும், பென்சில்வேனியா எல்லைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். மயில் பொறித்த பச்சைத் தட்டு ஒன்று. இறந்துபோன அம்மாளின் மகள், என் இப்போதைய வயதுதான் இருக்கும், தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அம்மா இதில்தான் கிறிஸ்துமஸ் அன்று ஊறுகாய் வைப்பார் என்று சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியாமல் நின்றார். நீ அவரை அண்ணாந்து பார்த்தாய். அவ்வளவு இரக்கமான முகம். அதே முகத்தோடு என்னிடம், "அம்மா, அழறாங்க. இப்பக் கேளு, குறைப்பாங்க" என்றாய். நான் கேட்டேன். அவர் குறைத்தார். நீ நல்ல பையன் என்று உன் கன்னத்தையும் தட்டிக்கொடுத்தார். இதை எத்தனை வீட்டு விருந்துகளில் சொல்லிச் சிரித்தோம் என்று நினைத்துப் பார். அங்கிள்கள் எல்லாம் உன் முதுகில் தட்டி, "பொழைச்சுக்குவான்" என்றார்கள். ஒருவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது. இன்று அந்தத் தட்டை அலமாரியிலிருந்து எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி பேஸ்மென்டில் வைத்துவிட்டேன். வைத்துவிட்டுக் கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன்.

இனி பேர்லேண்டில் நடந்ததைச் சொல்கிறேன், நீ ஒரு தடவை உனக்கு வெளியே நின்று அதைக் கேட்க வேண்டும். ஸ்வேதாவின் அம்மா வசந்தி தனியாகப் பெண்ணை வளர்த்தவர். ஆஸ்பத்திரி ஃபார்மசியில் வேலை, லீவு எளிதில் கிடைக்காது. முதல் முதலாக வீடியோ காலில் பேசியபோது நான் பீற்றிக்கொண்டு என் அலமாரியைச் சுற்றிக் காட்டினேன். அவர் நன்றாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஹூஸ்டனைச் சுற்றி ஒவ்வொரு ஊராகக் கார் ஓட்டிப்போய், பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கிக் கிண்ணங்களைத் தேடி வாங்கியிருக்கிறார். நிச்சயதார்த்தத்தன்று ஜமுக்காளத்தின் மேல் இருந்த சீர்த்தட்டுகளைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளித் தட்டும் இல்லை, மணி ஒட்டிய அலங்காரத் தட்டும் இல்லை. ஒற்றைப்படையாக வரிசையாகக் கார்னிவல் கிண்ணங்கள். ஒன்றில் மஞ்சள், ஒன்றில் குங்குமம், ஒன்றில் வாழைப்பழம், ஊதா நிறத்தில் திராட்சைக் குலை பொறித்த ஒன்றில் கற்கண்டு. எனக்காகச் செய்தது. என் ஒருத்திக்காக.

நீ குனிந்து அந்த ஊதாக் கிண்ணத்தை எடுத்தாய். நமஸ்காரம் பண்ணிவிட்டு எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், போட்டோக்காரர்கூடத் திரும்பினார். நீ கற்கண்டை வாழைப்பழக் கிண்ணத்தில் கொட்டினாய். காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்தாய். கட்டைவிரல் நகத்தை அடிவளையத்தில் ஒரு சுற்று ஓட்டினாய். ஓரத்தைச் சுண்டி, காதருகில் வைத்துக் கேட்டாய். பிறகு என் பக்கம் சாய்ந்து, நம் பழைய குரலில், "அம்மா, இது டூப்பு. மத்ததும் அப்படித்தான் இருக்கும். மூஞ்சில காட்டாதே" என்றாய். தமிழில் சொன்னாய், அருண். சென்னையிலும் திருச்சியிலும் பிறந்து வளர்ந்தவர்கள் நிறைந்த ஒரு கூடத்தில், கையில் கண்ணாடி இருந்தது என்ற ஒரே காரணத்தால், சுற்றி இருப்பவர் யாருக்கும் தமிழ் புரியாது என்று உன் மூளை தானாக முடிவு பண்ணிவிட்டது. ஸ்பீக்கரில் ஒரு நாதஸ்வரம் முடிந்து அடுத்தது இன்னும் தொடங்காத நேரம் அது. கடைசி வரிசை வரை கேட்டது.

ஸ்வேதாவின் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "மாப்ள நம்மள எல்லாம் வெள்ளக்காரன்னு நெனச்சிட்டாரு போல. ஒண்ணும் இல்ல மாப்ள, சத்தமாவே சொல்லுங்க, எங்களுக்கும் புரியும்." எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துச் சமாளித்தார்கள். அத்தோடு விட்டிருந்தால் ஒரு வேடிக்கையாகப் போயிருக்கும். நீ விடவில்லை. வசந்தி பக்கத்தில் போய் உட்கார்ந்து, மரியாதையாக, பொறுமையாக, ஆங்கிலத்தில் விளக்கினாய். பழைய கண்ணாடியில் அடிவளையம் தேய்ந்திருக்கும் ஆன்ட்டி, புதிதில் மினுக்கு ரொம்பச் சீராக இருக்கும் ஆன்ட்டி, உங்களை யாரோ ஏமாற்றிவிட்டார்கள், ரசீது இருந்தால் நான் பேசிப் பார்க்கிறேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கையால் பழத்துக்கு நடுவில் சிந்திய கற்கண்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கையை நீ பார்க்கவே இல்லை. உனக்கு உதவி செய்கிற சந்தோஷம். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது, உன் முகத்தில் இருந்த அந்த உண்மையான சந்தோஷம்.

பந்தி நடக்கும்போது நான் சமையலறைக்குப் போனேன். வசந்தி சிங்க்கில் அந்தக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் திரும்பாமலே, "சம்பந்தி, ஒண்ணு தெரிஞ்சுக்கணும். உங்க வீட்டுல ஏதாவது குடுத்தா முதல்ல திருப்பிப் பாத்துட்டு வாங்குவீங்களா, வாங்கிட்டுத் திருப்பிப் பாப்பீங்களா? சொன்னீங்கன்னா நாங்க அதுக்குத் தகுந்த மாதிரி குடுப்போம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஃபார்மசியில் மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிற குரல். அவர் ஈரக் கிண்ணத்தை, துடையுங்கள் என்பது போல என் கையில் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நான் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருக்கையில், கேள் அருண், என் கட்டைவிரல் துணிக்கு அடியில் அந்த வளையத்தைச் சுற்றி ஒரு சுற்றுப் போய்விட்டது. நான் சொல்லி அது போகவில்லை. அவமானத்தில் நின்றுகொண்டிருந்த அந்த நிமிஷத்திலும் விரல் தன் வேலையைப் பார்த்துவிட்டது. என் விரலை அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது.

அதனால் அந்தக் கிண்ணம் அசலா டூப்பா என்று எனக்குத் தெரியும். உன்னைவிட நன்றாகவே தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன். நீ சொன்னது சரி என்றால் நிம்மதியாகத் தூங்கிவிடுவாய், தப்பு என்றால் வசந்திக்கு ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுவாய். இரண்டையும் நான் தர மாட்டேன். நாம் அசல் அசல் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதே, பணக்காரர் வீட்டு அலங்காரக் கண்ணாடியைப் பார்த்து மலிவாகச் செய்த போலிதான். கெமிஸ்ட்ரி படித்த நான் அந்தப் போலிக்குப் போலி எது என்று கண்டுபிடிப்பதில் இருபது வருஷம் பெருமைப்பட்டிருக்கிறேன். உன் அப்பா, "வாய் தவறி ஒரு வார்த்தை வந்துடுச்சு, விடும்மா, உண்மையைத்தானே சொன்னான்" என்கிறார். வாய் தவறவில்லை என்று அவருக்கும் தெரியும். பழகிய பாதையில் வாய் சரியாகத்தான் போனது. ஒருவர் கொடுக்கும்போது கொடுக்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இதை நான் உனக்கு நாலு வயதில் சொல்லியிருக்க வேண்டும். அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன்.

முந்தாநாள் ஸ்வேதா என்னைக் கூப்பிட்டாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். அவள் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும், ஆனாலும் தமிழிலேயே பேசினாள், அதை நான் கவனித்தேன். கிண்ணத்தைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லையாம். அம்மா இரண்டு நாள் அழுதார், இப்போது கோபமாக இருக்கிறார், கோபம் பரவாயில்லை என்றாள். அப்புறம், "ஆன்ட்டி, போட்டோ எல்லாம் வந்திருக்கு. அருண் அந்தக் கிண்ணத்தைக் காதுல வெச்சிட்டு உங்ககிட்ட பேசற போட்டோ ஒண்ணு இருக்கு. பாத்தீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அவ்ளோ அன்பா சிரிக்கிறான் ஆன்ட்டி. அதைத்தான் நான் பாத்துட்டே இருக்கேன்." அவளே தொடர்ந்தாள். "ரெண்டு வருஷமா என்கிட்ட எல்லாமே நல்லா இருக்குன்னுதான் சொல்லியிருக்கான். எங்க அம்மா சமையல், நான் வாங்கிக் குடுத்த ஷர்ட், என் வேலை, நான். எப்பவும் இதே சிரிப்பு. இதுல எது நிஜம்னு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா?"

அவள் கேட்டது உன் கல்யாணத்தை வைத்து என்று எனக்குப் புரியாமல் இல்லை. தெரியும்மா, என் பிள்ளை தங்கம், உன் மேல் உயிரையே வைத்திருக்கிறான் என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் சரியாகியிருக்கும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த இரக்கமான முகம், மயில் தட்டைப் பிடித்திருந்த பெண்ணை அண்ணாந்து பார்த்த முகம், என் முன்னால் வந்து நின்றது. "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "அப்படி முகத்தை வெச்சுக்க நான்தான் பழக்கினேன். ஆனா இப்ப அது எனக்கே தெரியல." பிறகு, "தேங்க்ஸ் ஆன்ட்டி. நீங்க ஒருத்தர்தான் தெரியும்னு சொல்லல" என்றாள். யோசிக்க இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்றாள். எடுத்துக்கொள் என்றேன்.

ஆகவே, அவளிடம் பேசிச் சரிசெய்து கொடு என்று என்னைக் கேட்காதே. பேசியாயிற்று, உனக்குச் சாதகமாக அல்ல. அவள் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதில் என் பங்கு இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. இதைப் படித்து முடிக்கும்போது, பெற்ற தாயே காலை வாரிவிட்டாள் என்று உனக்குத் தோன்ற வேண்டும். தோன்றினால் உடனே கூப்பிடு. என்னைத் திட்டு, எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் கத்து, நான் போனை வைக்க மாட்டேன். உனக்கு இருபத்தைந்து வயதாகிறது, நீ கோபப்பட்டால் எப்படி இருப்பாய் என்று நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் அதை ஸ்வேதாவிடம் சந்தோஷமாகச் சொல்வேன். "இட்ஸ் ஓகே அம்மா, ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்று ஒரு வரி வந்தால், அதையும் அவளிடம் சொல்லிவிடுவேன்.